ஐயரம்மா அவர்களுக்கு

புதுக்களம்,
காமயகவுண்டன்பட்டி வழி
14.7.2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

இந்நேரத்துக்கு உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவள் தூங்கினால்தான் எனக்கு இரண்டு கையும் சொந்தம். எழுத்து கோணலாகப் போனால் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள். நீயும் உன் சபையாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். இங்கே நானும் அவரும் சுகம். பாப்பாவுக்கு இளைப்பு இன்னும் முழுசாக விடவில்லை. எழுதும்போதே நடுநடுவே எழுந்து போய் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். அவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

அம்மாவை மதுரையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். ஈரல் இனி தேறாது, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் காரில் வரும்போதே, "நன்றாகப் பார்த்துக்கன்னா என்னன்னு எனக்குத் தெரியும்டி" என்றாள். முன்கூடத்தில் கட்டில் போட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் அம்மா, சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய மாமா குடும்பம். போனில் நான் ஒரு வார்த்தை பேசினால் இரண்டு வீடும் கேட்கும். அதனால்தான் நீ செமினரியில் படித்த காலத்து மாதிரி கடிதம்.

விஷயம் இதுதான். போன புதன்கிழமை அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "என்னைய ராஜமணிதான் அடக்கணும். வெள்ளை அங்கி போட்டு, அவ வாயால ஜெபம் சொல்லி, அவ கையால மண்ணு போடணும்" என்றாள். உன் குருப்பட்ட ஆராதனைக்கு அம்மா வராமல் போனது என்னால்தானே. அந்த வாரம்தான் நான் தேனியில் பிரசவத்துக்குப் படுத்திருந்தேன். அம்மா உன்னைச் சபை நடத்தும் ஐயராக ஒருநாளும் பார்க்கவில்லை. "நான் பாக்காட்டியும் ஊரு பாக்கட்டும்" என்கிறாள்.

அடக்கத்துக்குப் பெண்கள் வாய்க்கால் பாலம் தாண்டாத ஊர் இது, பெரிய மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் மாமனாரின் அண்ணன் என்றாலும் எங்கள் வீட்டுக்கு அவர்தான் மாமனார். நம் சபைக் கோயிலுக்கு நிலம் கொடுத்தவர், கமிட்டிச் செயலாளர். கம்பத்திலிருந்து வரும் ஐயர்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிரசங்கம் தொடங்குவார். அவர் வேத வசனத்தோடுதான் பேசுவார். எனக்குக் கல்லூரியில் படித்த வேதியியல்தான் தெரியும். நீ எனக்குப் பதில் சொல்ல வசனம் எழுதி அனுப்பு. அம்மா படுக்கையில் இருப்பதால் பாப்பாவின் ஞானஸ்நானமும் தள்ளிப்போகிறது, அதற்கும் அவர் முறைக்கிறார்.

உன் தங்கை,
பிரின்சி


மேலப்பொட்டல்,
பரமக்குடி வழி
27.7.2024

அன்புத் தங்கை பிரின்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். பாப்பாவுக்கு ஆவி பிடிக்கிறேன் என்று வெந்நீரைப் பக்கத்தில் வைக்காதே. உனக்குத் தூக்கக் கலக்கத்தில் கை நடுங்கும்.

இந்த முதல் தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அம்மா, இங்கே மழை இல்லை, வெயில் குறையவில்லை, ஆனால் ஜனங்கள் பாசமானவர்கள். என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். ஐயர் என்றால் ஆம்பளை, ஐயரம்மா என்றால் ஐயர் வீட்டுக்காரி. கோயிலுக்கு அடுத்த வீட்டில் பழைய ஐயரின் மனைவி இருக்கிறார்கள். அந்த ஐயர் இறந்து வருஷமாகியும் இந்த ஊருக்கு ஐயரம்மா என்றால் அவர்கள்தான். என்னைச் சிலர் டீச்சர் என்கிறார்கள், சிலர் மேடம். ஒரு தாத்தா மட்டும் "ஏ தாயி" என்பார். ரேஷன் கடைக்காரர், "ஐயர் வெளியூரா?" என்று என்னிடமே கேட்டார். நான்தான் ஐயர் என்றேன். சீனி கொஞ்சம் கூடப் போட்டார்.

இரண்டாவது தாள் உனக்கு மட்டும்.

வசனம் கேட்டாய். பெரிய மாமா சொல்லப்போவது எனக்குத் தெரியும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது: ஸ்திரீ போதிக்கவும் வேண்டாம், புருஷன்மேல் அதிகாரம் செலுத்தவும் வேண்டாம். அந்த வசனம் என் வேதத்திலும் இருக்கிறது. நான் அதைக் கிழித்துப் போடவில்லை. அதோடு பல ராத்திரி விழித்திருக்கிறேன். அதே பவுல்தான் ரோமாபுரிக்கு எழுதிய நிருபத்தில் பெபேயாளைச் சபையின் ஊழியக்காரி என்று மரியாதையோடு ஒப்படைக்கிறார். கடிதத்தைக் கொண்டுபோனதே அவள்தான் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். கொண்டுபோனவளிடம்தானே அர்த்தம் கேட்டிருப்பார்கள்? தெபொராள் மரத்தடியில் உட்கார்ந்து இஸ்ரவேலை நியாயம் விசாரித்தாள். பிரிஸ்கில்லாள் தன் கணவரோடு சேர்ந்து அப்பொல்லோவுக்கே பாடம் சொன்னாள்.

ஆனால் பிரின்சி, வசனத்துக்கு வசனம் எறிந்து யாரும் ஜெயித்ததை நான் பார்த்ததில்லை. பெரிய மாமாவைத் திட்டாதே. அவர் பயத்தோடு வேதம் வாசிக்கிறவர். பயமில்லாமல் வாசிக்கிறவர்களைவிட அது மேல்.

உன் அக்கா,
ராஜமணி


புதுக்களம்
18.8.2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆசை. பாப்பாவுக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. ஒரு பல் கொஞ்சம் கோணல் மாதிரித் தெரிகிறது. அப்படி வருமா?

முதல் தாளை வாசித்தேன். சீனி கதைக்கு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "கவர் கனமா இருந்துச்சு. இன்னொரு தாளு எங்கடி?" என்றாள். அம்மாவை ஏமாற்ற முடியாது. வாசித்துவிட்டேன்.

மறுநாள் பெரிய மாமா அம்மாவைப் பார்க்க வந்தார். நான் தயங்கிக்கொண்டே நிற்க, அம்மாவே கேட்டுவிட்டாள். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்லல தாயி, பவுல் சொன்னாக" என்றார்.

"பவுல் நல்லாச் சொன்னாக. நம்ம ஆண்டவரு கல்லறைக்கு மொதல்ல போனது யாரு? பொம்பளைக. ஆம்பளைக கதவச் சாத்திட்டு உள்ள இருந்தாக. அன்னைக்கு அவுகளையும் வாய்க்கால் பாலத்துல நிறுத்தியிருந்தா, உயிர்த்தெழுந்தத உங்களுக்கு யாரு வந்து சொல்லியிருப்பா?" என்று கேட்டாள் அம்மா.

பெரிய மாமா அம்மாவின் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. ஐயரம்மா சாவு வீட்டில் ஜெபம் செய்யலாம், பாலம் தாண்டக் கூடாது, வழக்கம் வழக்கம்தான் என்று முடிவு. உன்னை ஐயரம்மா என்றுதான் எழுதினார்களாம். வந்து சொன்ன என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், "எங்க அக்காவுக்கு எந்த ஐயர் வீட்டுக்காரரு?" என்று. தலையைக் குனிந்துகொண்டார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அப்பாவின் பெட்டி பாலம் தாண்டிப் போனபோது நீ ஓடப் பார்த்தாய், பெரிய அத்தை உன் ரெட்டைச் சடையைப் பிடித்து இழுத்தார்கள். அப்பாவின் கல்லறையை நான் மறுநாள்தான் பார்த்தேன். எல்லாச் சாவுக்கும் நாம் அந்தப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்க்கிறோம். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் அதுபாட்டுக்குப் போகிறது.

அம்மா ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள்: உன் கோயிலில் திருவிருந்து ஞாயிற்றுக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? உன் கையால் அப்பம் வாங்க வரிசை வாசல்வரை நிற்குமா? தவறாமல் எழுது.

பிரின்சி


மேலப்பொட்டல்
21.9.2024

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்று ஊர் சபை, சைக்கிளில்தான் போகிறேன். பல் கோணலாக வந்தாலும் பிறகு சரியாகிவிடும், அதையே பார்த்துக்கொண்டு உட்காராதே.

அம்மாவுக்கு: கோயில் மணிக்குப் புதுக் கயிறு போட்டிருக்கிறோம். முற்றத்து வேம்பு நிறைய இலை விட்டிருக்கிறது. அறுப்பின் பண்டிகை முடிந்ததும், நவம்பர் முதல் வாரம் லீவு சொல்லிவிட்டு வந்து உன் பக்கத்திலேயே பத்து நாள் இருப்பேன். எனக்காகக் காத்திரு.

பிரின்சி, உனக்கு: நான் மகளாக வருகிறேன். சாதாரணச் சேலையில் வந்து, பெண்களோடு உட்கார்ந்து அழுகிறேன். அது போதும். நான் ஒருநாள் வந்து ஒருநாள் போகிறவள். நீ அந்தத் தெருவில் வாழ வேண்டியவள். அதை மறந்துவிடாதே.

ராஜமணி


புதுக்களம்
6.10.2024

அக்கா,

நீ சுகம்தானே? இங்கே அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. கஞ்சி மட்டும் இறங்குகிறது. மணிக் கயிறும் வேம்பும் எழுதியிருந்தாய். திருவிருந்து வரிசையைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. அம்மா கவனித்தாள். "சரி, விடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உன் கடிதத்தை வாசித்து எனக்குக் கோபம்தான் வந்தது. மகளாக அழ நான் ஒருத்தி இங்கே இருக்கிறேன். அம்மா கேட்டது ஐயரை.

அதனால் நானும் அவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். அவர் சுபாவம் உனக்குத் தெரியும். முத்துராஜா என்று பெயர்தானே ஒழிய, பெரியப்பா முன்னால் நிமிர்ந்து நிற்க மாட்டார். அவரே சொன்னார், "மதினி அங்கி போட்டு முன்னால நடந்தா, நான் வேதப்புத்தகத்தத் தூக்கிக்கிட்டுக் கூட வாரேன். யாரு தடுக்குறாகன்னு பாப்போம்" என்று. நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் பின்னால் பாலம் தாண்டுவேன். பிறகு இந்தத் தெரு எங்களோடு பேசாவிட்டால் பேசாமல் போகட்டும், கம்பத்தில் வீடு பார்த்துக்கொள்கிறோம். எங்களை நினைத்து நீ நின்றுவிடாதே. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மனம் இருந்தால் அங்கியோடு வா. முடியாது என்றால் முன்னாலேயே சொல்லிவிடு, அம்மாவிடம் நான் பொய் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்று உன் போன் நம்பர் போட்டுப் பஸ் பார்சலில் ஒரு பெட்டி பன்னீர் திராட்சையும் அனுப்புகிறார். கவர் மேல் விலாசமும் அவரே எழுதுகிறாராம். மதினி பெயரை எழுதுவது மரியாதை இல்லை என்று, அழகாக 'உயர்திரு ஐயரம்மா அவர்கள்' என்று எழுதி என்னிடம் காட்டினார். கேலிக்கு இல்லை, நிஜமான மரியாதை. நான் திருத்தவில்லை.

பிரின்சி


புதுக்களம்
10.11.2024

அக்காவுக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ போன் பண்ணப் பண்ண எடுக்காமல் இருக்கிறேன். எடுத்தால் என்ன பேசுவேனோ என்று பயமாக இருக்கிறது. பாப்பா, கட்டில் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

அம்மா பொழுது விடியும்போது போனாள். கடைசியாகச் சொன்னது, "ராஜமணி கிளம்பிட்டாளா?" என்பதுதான். நீ வந்து இறங்கியபோது பெட்டியை மூட ஆள் நின்றது. அம்மாவின் நெற்றியைத் தொட்டுவிட்டு எழுந்தாய். உன்னிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு நேரம் இல்லை. ஆனால் உன் பையைத் தள்ளி வைக்கும்போது பார்த்தேன். உள்ளே அங்கி இருந்தது. தேய்த்து, மடிப்பு கலையாமல். கடிதம் படித்துவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறாய் என்று நினைத்தேன். அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு தைரியம் வந்தது.

கம்பத்து ஐயர் ஜெபம் சொன்னார். பெட்டியைத் தூக்கினார்கள். பெரிய மாமா முன்னால் தோள் கொடுத்தார், குழந்தை மாதிரி அழுதுகொண்டே வந்தார். அதையும் சொல்ல வேண்டும். அவர், என் வீட்டுக்காரர், வேதப்புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தார். பாலம் வந்தது. பெண்கள் நின்றார்கள். நான் நிற்கவில்லை. பாப்பாவோடு பாலத்தில் ஏறிவிட்டேன். பாதிப் பாலத்தில் திரும்பிப் பார்த்தால் நீ அந்தக் கரையில் பெரிய அத்தை பக்கத்தில் நிற்கிறாய். கையில் பை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. நான் கூப்பிட்டேன், கேட்டிருக்கும். நீ தலையை மட்டும் அசைத்தாய், வேண்டாம் என்று.

ஒற்றையாகப் போய் நான் என்ன ஜெபம் சொல்வேன்? திரும்பி வந்துவிட்டேன். எல்லோரும் பார்க்கத் திரும்பி வந்தேன்.

அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுமா, அக்கா? போனில் கிடைத்ததா என்று கேட்டபோது, "கெடச்சுதுடி, ரொம்பச் சந்தோஷம்" என்றாயே. எதற்குச் சந்தோஷம்?

பிரின்சி


மேலப்பொட்டல்
19.11.2024

பிரின்சி,

எந்தக் கடிதம்?

அக்டோபரில் உன்னிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லை. வந்தது திராட்சை மட்டும்தான். நீ கேட்டதும் அதைத்தான் என்று நினைத்தேன்.

அங்கியை அம்மாவுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டத்தான் எடுத்து வந்தேன். ஊர் பார்க்க அல்ல. வந்தபோது கண் மூடியிருந்தது.

பாலத்தில் ஏன் நின்றேன் என்று கேட்காதே. நீ அங்கே வாழ வேண்டியவள் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தாய்?

ராஜமணி


மேலப்பொட்டல்
23.12.2024

அன்புத் தங்கைக்கு,

நீயும் பிள்ளையும் அவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தில் என்ன இருந்தது என்று நீ எழுதவில்லை. இனி எழுத வேண்டாம். வாசித்துவிட்டேன்.

அடுத்த வீட்டு ஐயரம்மா அக்டோபர் ஆரம்பத்திலிருந்து கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருந்தார்கள். பண்டிகைக்காக நேற்று முன்தினம் வந்து கதவைத் திறந்தால், வாசற்படிக்கு உள்ளே உன் கவர் கிடந்திருக்கிறது. தபால்காரர் மேல் தப்பில்லை. உயர்திரு ஐயரம்மா அவர்கள், மேலப்பொட்டல் என்று எழுதியிருந்தால் இந்த ஊரில் யார் வீட்டில் போடுவார்? சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "எனக்கு எழுதுனது இல்லன்னு தொடங்கும்போதே தெரிஞ்சுது டீச்சர். ஆனா நிறுத்த முடியல" என்று சொல்லிக் கவரை நீட்டினார்கள். கண் சிவந்திருந்தது.

அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். கேட்டவள் போன பிறகு. திருவிருந்து ஞாயிறுகளில் பிரசங்கம் முடிந்ததும் பாதிக் கோயில் எழுந்து வெளியே போய்விடும். பெண்ணின் கையால் வாங்க மனசு வரவில்லை. கெட்டவர்கள் இல்லை, பிரின்சி. காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பவர்கள். கஞ்சி கொடுப்பார்கள், என் கையால் அப்பம் வாங்க மாட்டார்கள். முதல் ஆளாக எழுந்து போகிறவர்கள் அந்த ஐயரம்மாதான். இதை அம்மாவுக்கு எப்படி எழுதுவேன்? வேம்பு இலை விட்டதைத்தான் எழுத முடிந்தது.

நேற்று திருவிருந்து. ஐயரம்மா வந்திருந்தார்கள். மற்றவர்கள் எழுந்து போனார்கள். அவர்கள் போகவில்லை. முன்னால் வந்து வாங்கவும் இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள், கடைசி ஜெபம் முடியும்வரை.

நீ பாதிப் பாலத்தில் நின்று கூப்பிட்டது கோபத்தில் என்று நினைத்தேன். என்னை விடுதலை செய்து எழுதிவிட்டுத்தான் கூப்பிட்டாய் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தப் பாலத்தில் இப்போதும் தினமும் நிற்கிறேன்.

ராஜமணி


புதுக்களம்
12.1.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

நலம். பாப்பா நடக்கிறாள், நாலு அடி வைத்துவிட்டு விழுகிறாள். விழும்போதெல்லாம் எனக்குத்தான் உயிர் போகிறது.

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. "மருவாதிக்குத்தான் பேரு எழுதல பிரின்சி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் என்ன சொல்ல? நானும் பார்த்துத்தானே ஒட்டினேன்.

நீ எனக்குச் சொல்லாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய அத்தை மனசு பொறுக்காமல் சொன்னார்கள். கமிட்டி கூடிய பிறகு பெரிய மாமா உனக்குப் போன் செய்திருக்கிறார். மிரட்டலாக இல்லையாம், கெஞ்சுவது போலத்தான் இருந்ததாம். "உன் தங்கச்சி பிள்ளைக்கு இந்தக் கோயில்ல ஞானஸ்நானம் ஆகணும்னா, நீ பாலத்தோட நின்னுக்க தாயி" என்று. நீ சரி என்று சொல்லி வைத்துவிட்டாயாம். செப்டம்பர் கடிதம் ஏன் அப்படி இருந்தது என்று இப்போது புரிகிறது. பாலத்தில் நீ பார்த்தது தண்ணீரை இல்லை. என் இடுப்பில் இருந்த பிள்ளையை.

நேற்று பெரிய மாமா வந்தார், பாப்பாவுக்கு எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டு. இங்கன வேண்டாம் மாமா என்றேன். எங்க அம்மா கேட்டதைக் கொடுக்காத கோயிலில் என் பிள்ளை வாங்க வேண்டாம். அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாசலில் கொஞ்சம் நின்றார். "அவ சுகமா இருக்காளா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியவில்லைதானே, அக்கா. நீ வேம்பைப் பற்றித்தான் எழுதுவாய்.

நாங்கள் மேலப்பொட்டலுக்கு வருகிறோம். நீ அங்கி போட்டு, உன் கையால் பாப்பாவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். திருவிருந்து ஞாயிறாகப் பார். பாதிப் பேர் எழுந்து போனால் போகட்டும், முன்னால் வந்து வாங்க நாங்கள் இரண்டு பேர் இருப்போம். அந்த ஐயரம்மாவுக்கு ஒரு பெட்டி திராட்சை எடுத்து வருகிறோம். அம்மாவுக்கு நீ போடாத மண்ணுக்கு இது ஈடில்லை. எனக்கும் தெரியும். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கவர் மேல் விலாசத்தை இந்தத் தடவையும் அவர்தான் எழுதியிருக்கிறார். எழுதுவதற்கு முன் வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பார்த்திருப்பாய்: ராஜமணி ஐயர்.

எந்த ஞாயிறு என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் தங்கை,
பிரின்சி